சென்னையில் தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் குடிபோகலாமா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்

மாம்பலத்துக்காரி:
வணக்கம். பதினான்கு வருடமாக மேற்கு மாம்பலத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு ஒரகடத்தில் வேலை, மகள் ஒன்பதாம் வகுப்பு. மாமியாருக்கு 74 வயது. எங்கள் தெரு இரவு பதினொன்றரைக்கு மேல்தான் அடங்கும், விடிகாலை நாலரைக்குப் பால் வண்டி வந்துவிடும். இரண்டு வருடமாக அத்தைக்குச் சரியான தூக்கமே இல்லை.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரதராஜபுரத்தில் ஒரு தனி வீடு பார்க்கப் போனோம். அரை கிரவுண்டு, கீழ்த்தளம் மட்டும், வாசலில் வேப்பமரம். தெரு முழுக்க வேப்பம்பூ உதிர்ந்து கிடந்தது. நாங்கள் பேசுவதே எங்களுக்குச் சத்தமாகக் கேட்டது. புரோக்கர் உள்ளே அறைகளைக் காட்டிக்கொண்டிருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்த அத்தை அப்படியே கண்ணசந்துவிட்டார். கால் மணி நேரம் யாரும் எழுப்பவில்லை. அதைப் பார்த்ததிலிருந்து எங்கள் இருவருக்கும் அந்த வீட்டின் மேல்தான் நினைப்பு.

தண்ணீர், போக்குவரத்து, வெள்ளம், வயதானவர்கள் இருக்கத் தோதுப்படுமா, இதையெல்லாம் அங்கே வாழ்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அடையாற்றங்கரை:
நான் 1999-லிருந்து முடிச்சூரில் இருக்கிறேன், அம்மா. நீங்கள் பார்த்த அமைதி உண்மைதான், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இரவு ஒன்பதரைக்கு மேல் எங்கள் தெருவில் கேட்பது நாய் குரைப்பதும், காற்று இந்தப் பக்கம் அடித்தால் தூரத்து ரயில் ஹாரனும்தான். இருபத்தைந்து வருடத்தில் அது கொஞ்சம் குறைந்திருக்கிறது, போய்விடவில்லை.

ஆனால் ஏப்ரலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எங்கள் பகுதியை நவம்பரில் பார்க்க வேண்டும், அதுவும் மூன்று நாள் அடைமழை பெய்த மறுநாள்.

முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் நடுவில் அடையாறு ஓடுகிறது. சைதாப்பேட்டையில் பார்க்கிற அகலத்தை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், இங்கே அது சின்ன ஆறு. ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், படப்பைப் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் உபரி நீர் இதில்தான் இறங்கும். 2015 வெள்ளம் என்றதும் எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததைத்தான் சொல்வார்கள். செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம், அது எங்களுக்குக் கீழே. எங்கள் வீடுகளுக்குள் வந்தது மேலே இருக்கும் ஏரிகளின் தண்ணீரும், தாம்பரத்தில் ஒரே நாளில் கொட்டிய 49 சென்டிமீட்டர் மழையும். செம்பரம்பாக்கத்தை ஒழுங்காகத் திறந்தால் முடிச்சூருக்கு ஆபத்தில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த வருடம் இரண்டு தடவை வந்தது. நவம்பர் நடுவில் முழங்கால் அளவு வந்து வடிந்தது. தரையைக் கழுவி, மெத்தைகளை மொட்டை மாடியில் காயப்போட்டு, இனி வராது என்றிருந்தோம். டிசம்பர் 1 இரவு மறுபடி ஏறியது. எங்கள் வாசலில் ஏழு படி. டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு நான் படியை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்கு இரண்டாவது படி. பத்தேகாலுக்கு ஐந்தாவது. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டு அரிசி டின்னையும் பத்திரங்கள் இருந்த பெட்டியையும் மேலே தூக்கினோம். மாடி அறையில் ஒன்பது பேர் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். கீழே ஹாலில் கேஸ் சிலிண்டர் மிதந்து கதவில் முட்டிக்கொண்டே இருந்தது. டொக், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டொக். இன்றைக்கும் மழை இரவில் எனக்கு அந்தச் சத்தம் காதில் விழுகிறது.

வீட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்தபோது கதவுக்குப் பின்னால் ஒரு முழம் மட்டும் அடிக்காமல் விட்டேன். தண்ணீர் நின்ற கோடு அதில் இருக்கிறது. இந்தப் பக்கம் வீடு பார்க்க வருகிற உறவினர்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுவேன்.

மண்ணிவாக்கம் தம்பி:
ஐயா, அனுபவத்தைச் சொல்வது சரி, ஆனால் 2015-லேயே நின்றுவிட்டால் எப்படி? அதற்கப்புறம் ஆற்றை அகலப்படுத்தினார்கள், கரை போட்டார்கள், மூடுகால்வாய் கட்டினார்கள். நான் 2018-ல் மண்ணிவாக்கத்தில் வாங்கினேன். இதுவரை வீட்டுக்குள் ஒரு சொட்டு வந்ததில்லை. ஒரகடத்தில் வேலை பார்ப்பவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையைப் பிடித்துப் படப்பை வழியாகப் போய்விடலாம். மாம்பலத்திலிருந்து தினமும் போய் வருகிற அலைச்சலில் பாதி கூட இருக்காது.

அடையாற்றங்கரை:
தம்பி, வேலை நடந்திருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. தண்ணீர் முன்னைவிட வேகமாக வடிகிறது. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வரதராஜபுரத்திலும் முடிச்சூரிலும் பல தெருக்களில் மறுபடி தண்ணீர் நின்றது. உங்கள் தெரு மேட்டில் இருக்கிறது, அதனால் தப்பித்தீர்கள். இங்கே ஊர்ப் பெயரைக் கேட்டு நல்லது, கெட்டது சொல்ல முடியாது. ஒரே நகரில் முதல் தெரு காய்ந்திருக்கும், நான்காவது தெருவில் படகு போகும். இந்த அம்மா ஊரைப் பார்க்கிறார், நான் தெருவைப் பார்க்கச் சொல்கிறேன்.

கிராம நிர்வாகத்தில் இருந்தவன்:
வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நான்கு வார்த்தைகளை மனதில் வைத்துக்கொண்டு அந்த மனையைச் சுற்றி விசாரியுங்கள்: மதகு, கலங்கல், உள்வாய், போக்குக் கால்வாய். மதகு வழியாகப் பாசனத்துக்குத் தண்ணீர் போகும், அதற்குக் கீழே இருப்பதெல்லாம் பழைய ஆயக்கட்டு, அதாவது வயல். ஏரி நிரம்பினால் உபரி வழிகிற இடம் கலங்கல். ஏரியில் தண்ணீர் பரந்து நிற்கிற பரப்பு உள்வாய். கலங்கலிலிருந்து தண்ணீர் இறங்கி ஓடுகிற பாதைதான் போக்குக் கால்வாய். இன்றைக்கு அது ஒரு தார்ச் சாலையாக, ஒரு காலி மனையாக, யாரோ ஒருவருடைய கார் ஷெட்டாக இருக்கலாம். தண்ணீருக்கு அது தெரியாது. நிரம்பினால் பழைய வழியில்தான் வரும்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று புரோக்கர் காட்டுவார். வில்லங்கத்தில் விற்பனை, அடமானம் போன்ற பதிவுகள்தான் தெரியும், பள்ளமா மேடா என்பது தெரியாது. தாய்ப்பத்திரத்திலிருந்து, அதாவது அந்த நிலத்தின் பழைய மூலப் பத்திரத்திலிருந்து, வரிசையாகப் படியுங்கள். பழைய பத்திரத்தில் நான்கு எல்லை எழுதும்போது ‘கால்வாய்க்குத் தெற்கு’, ‘ஏரிக்கரைக்குக் கிழக்கு’ என்று எழுதியிருப்பார்கள். புதுப் பத்திரத்தில் அது ‘20 அடி சாலைக்குத் தெற்கு’ என்று மாறியிருக்கும். அந்த மாற்றம் எப்போது வந்தது என்று பாருங்கள். கிராமத்து நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் நஞ்சையா புஞ்சையா என்று இருக்கும். நஞ்சை என்றாலே வாங்கக் கூடாது என்றில்லை, ஆனால் ஒரு காலத்தில் தண்ணீர் பாய்ந்த நிலம் என்று அர்த்தம். நிலத்தின் அளவும் எல்லையும் வரைந்திருக்கும் புலப்பட நகலையும் வாங்கிப் பாருங்கள்.

அங்கீகாரம் இல்லாத மனைகள் அந்தப் பக்கம் ஏராளம். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அவற்றின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது நினைவிருக்கும். பிறகு 2017-ல் அவற்றை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20 அல்லது அதற்கு முன் விற்ற மனைகளுக்கானது அது. நீங்கள் பார்க்கிற வீட்டின் மனைக்கு வரன்முறை ஆணை இருக்கிறதா என்று கேட்டு அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள். ‘அப்ளை பண்ணியிருக்கு சார்’ என்றால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ராஜகீழ்ப்பாக்கம் அக்கா:
வெள்ளத்தையும் பத்திரத்தையும் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். நான் அந்த அத்தையைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

நாங்கள் தாம்பரத்துக்குக் கிழக்கே இருக்கிறோம். 2012-ல் திருவல்லிக்கேணியை விட்டு இங்கே வந்தபோது என் அம்மாவுக்கு 71 வயது. முதல் வாரம் நன்றாகத் தூங்கினார். இரண்டாவது வாரத்திலிருந்து தூக்கம் போய்விட்டது. சத்தம் எதுவும் இல்லை. ‘ஊரே செத்துக் கிடக்கிற மாதிரி இருக்குடி’ என்று இரவில் எழுந்து என்னை எழுப்புவார். திருவல்லிக்கேணியில் அவர் காலை ஐந்தரைக்குக் கோவிலுக்கு நடந்து போவார், வழியில் பூக்காரி, தயிர்க்காரர், எதிர் வீட்டு மாமி என்று பத்துப் பேரிடம் நின்று பேசிவிட்டுத்தான் திரும்புவார். இங்கே நாங்கள் வேலைக்குப் போய்விட்டால் மாலை ஆறரை வரை அவர் பேசுவதற்கு ஆள் கிடையாது. மாடம்பாக்கத்தில் தேனுபுரீஸ்வரர் கோவில் இருக்கிறது, தூங்கும் யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாடம் அமைப்பில் கட்டிய சோழர் காலத்துக் கோவில், அம்மாவுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஆனால் நடந்து போகிற தூரம் இல்லை. ஆட்டோ வைத்துக் கோவிலுக்குப் போவது அவருக்குப் பழக்கமில்லாத காரியம். நான்கு மாதத்தில் ஐந்து கிலோ இளைத்துப் போனார்.

எங்களைக் காப்பாற்றியது ஒரு கீரைக்காரம்மா. தலைக்கூடையோடு ஏழு மணிக்கு எங்கள் தெருவுக்கு வருவார். அம்மா கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். அந்த அம்மா கூடையை இறக்கி வைத்துப் பத்து நிமிடம் இளைப்பாறுவார். அரைக்கீரைக் கட்டை ஆய்ந்துகொண்டே இருவரும் மருமகள், மூட்டு வலி, மழை எல்லாம் பேசுவார்கள். கீரைக்காரம்மா வந்தால் எதிர் வீட்டுப் பெண்ணும் வெளியே வருவாள், அப்புறம் மூலை வீட்டு ஆசிரியை. மூன்று மாதத்தில் எங்கள் கேட் வாசல் ஒரு சின்னத் திண்ணைப் பேச்சாகிவிட்டது. அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. அந்த நாற்காலி இன்னும் கேட்டருகே இருக்கிறது. கீரைக்காரம்மா அதில் உட்கார்ந்துதான் தண்ணீர் குடிப்பார்.

அதனால் வீடு பார்க்கப் போகும்போது வேலை நாள் ஒன்றில் காலை ஏழு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் அந்தத் தெருவில் போய் நில்லுங்கள். யார் வெளியே வருகிறார்கள், பெரியவர்கள் யாராவது தெரிகிறார்களா, தெருவில் விற்றுக்கொண்டு யாராவது வருகிறார்களா என்று பாருங்கள். உங்கள் அத்தை திண்ணையில் தூங்கிய கால் மணி நேரத்தில் நீங்கள் எல்லோரும் அவரைச் சுற்றி இருந்தீர்கள். அதையும் யோசியுங்கள்.

(தாம்பரம் விமானப்படைத் தளம் எங்கள் பக்கம் இருப்பதால் பகலில் பயிற்சி விமானங்களின் சத்தம் கேட்கும். மேற்குப் பக்கம் எப்படி என்று அங்கே இருப்பவர்கள் சொல்லட்டும்.)

ரயிலில் போகிறவன்:
போக்குவரத்து பற்றி. முடிச்சூரிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் நான்கைந்து கிலோமீட்டர், வரதராஜபுரத்துக்குப் பெருங்களத்தூர் ஸ்டேஷன் கிட்டே. சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வருகிற ரயில்கள் தாம்பரம் வரைதான் அடிக்கடி உண்டு. செங்கல்பட்டு வரை போகிறவை குறைவு, அதனால் பெருங்களத்தூரில் காத்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ, இல்லாவிட்டால் சொந்த வண்டி. மகளுக்குப் பள்ளி எங்கே என்று முடிவு செய்யாமல் வீட்டை முடிவு செய்யாதீர்கள். பத்தாம் வகுப்பில் பள்ளி மாற்றுவது பெரிய தொந்தரவு. மாம்பலத்துப் பள்ளியையே தொடர்ந்தால் அந்தப் பெண் தினமும் இரண்டரை மணி நேரம் ரோட்டிலும் ரயிலிலும் இருக்கும்.

இன்னொன்று. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்ததிலிருந்து இந்தப் பக்கமே மாறிவருகிறது. தென் மாவட்டத்துக்குப் போகிறவர்களுக்கு வசதிதான். ஆம்னி பஸ்கள் நிறுத்த முடிச்சூரில் வெளிவட்டச் சாலையோரம் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் போகிற சாலை அது, இரவில்தான் லாரிகள் அதிகம். சாலைக்கு 500 மீட்டருக்குள் வீடு என்றால் இரவு ஒரு மணிக்குப் போய் நின்று காது கொடுத்துக் கேளுங்கள்.

நெடுங்குன்றம்:
நாங்கள் வண்டலூர் பூங்காவுக்குப் பின்பக்கம். 1855-ல் தொடங்கிய பழைய மிருகக்காட்சி சாலையை நகரத்துக்குள்ளிருந்து 1985-ல் இங்கே கொண்டுவந்தார்கள். அந்தக் காட்டால்தான் எங்கள் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் குளிர்ச்சி இருக்கிறது. மயில்கள் மாடிச் சுவரில் வந்து உட்காரும். விடிகாலையில் சிங்கம் உறுமுவது கேட்கும், புதிதாக வந்தவர்கள் முதல் நாள் பயந்துபோவார்கள், என் பிள்ளைகளுக்கு அது அலாரம் மாதிரி.

நெடுங்குன்றம் ஏரியில் முதலைகள் உண்டு. 2023 புயல் இரவில் பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை கடந்துபோன வீடியோவை நாடே பார்த்தது. பாம்புகளும் உண்டு. மழைக்காலத்தில் செருப்பை உதறிப் போடுவது, இரவில் டார்ச் இல்லாமல் வெளியே இறங்காமல் இருப்பது, வாசலில் செங்கல், விறகு குவிக்காமல் இருப்பது, இதெல்லாம் தானாகப் பழகிவிடும். பாம்பைப் பார்த்தால் தீயணைப்புத் துறைக்குப் போன் செய்தால் வருவார்கள், அடிக்க வேண்டாம். கடித்தால் கட்டு, மந்திரம் என்று நேரத்தை வீணாக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

மாம்பலத்துக்காரி:
எல்லோருக்கும் நன்றி. ராஜகீழ்ப்பாக்கம் அக்கா எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ‘அந்தம்மா சொல்றது நெஜம்’ என்றார்.

இரண்டு கேள்வி. குடிதண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள்? கழிவுநீர்?

அடையாற்றங்கரை:
2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது பெருங்களத்தூரும் பீர்க்கன்காரணையும் அதில் சேர்ந்தன. முடிச்சூரும் வரதராஜபுரமும் ஊராட்சியாகவே நின்றன. ஆகவே பாதாளச் சாக்கடை கிடையாது, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். லாரிக்குப் போன் செய்தால் வந்து உறிஞ்சிவிட்டுப் போவார்கள். நிலத்தடி நீர் ஏறி நிற்கிற நவம்பர், டிசம்பரில் டேங்க் தானாகவே ரொம்பிக்கொள்ளும், கழிவறையில் தண்ணீர் இறங்காது. இதை எந்தப் புரோக்கரும் சொல்ல மாட்டார். வயதானவர் இருக்கிற வீட்டில் வெள்ளத்தைவிட இதுதான் பெரிய கஷ்டம்.

குடிக்கக் கேன், மற்றதற்கு போர்வெல். போர் தண்ணீர் தெருவுக்குத் தெரு மாறும். ஒரு பாட்டிலில் பிடித்து ஒரு இரவு மூடி வைத்துப் பாருங்கள், மஞ்சளாகப் படிந்தால் இரும்பு. 2019 கோடையில் பல போர்கள் வற்றி நாங்களும் லாரிக்காகக் காத்துக் கிடந்தோம். நான்கு வருடத்துக்கு முன் படி ஏறி வந்த அதே இடத்தில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றோம். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அத்தனை ஏரி இருக்கிற ஊர் இது. ஏரிகளை ஒழுங்காக வைத்திருந்தால் இரண்டும் இவ்வளவுக்கு வந்திருக்காது.

இன்னும் ஒன்று: அந்த வீட்டின் வாசல், சாலையைவிட எத்தனை அடி உயரம்? பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு எங்கள் தெரு ஒன்றரை அடி ஏறிவிட்டது. ஏழு படி இருந்த வீட்டில் இப்போது ஐந்துதான் வெளியே தெரிகிறது. இரண்டு வீடு தள்ளி ஒருவர் வீட்டையே ஜாக்கி வைத்து நான்கு அடி தூக்கினார். அந்தச் செலவைக் கேட்டால் வீட்டு விலை மலிவு என்று தோன்றாது.

மாம்பலத்துக்காரி:
நவம்பர் வந்ததும் போனோம். மூன்று நாள் மழை விட்ட மறுநாள் காலை. அடையாற்றங்கரைப் பெரியவர் சொன்னபடியே.

அந்த வேப்பமரத்து வீட்டுக்கு நடந்து போக முடியவில்லை. தெருமுனையிலிருந்து கணுக்காலுக்கு மேல் தண்ணீர். வாசலில் மூன்றே படி, அதில் ஒன்று முழுகியிருந்தது. பக்கத்து வீட்டம்மா மாடியிலிருந்து பார்த்து, ‘வாங்கிட்டீங்களாம்மா?’ என்று கேட்டார். இல்லை என்றேன். கையைக் கூப்பிக் காட்டினார். அவரிடம் கேட்டதில் தெருவின் பின்னால் முன்பு கால்வாய் ஓடியது என்றார். தாய்ப்பத்திரத்தின் நகலைப் புரோக்கரிடம் வாங்கிப் பார்த்தோம். 1987 பத்திரத்தில் வடக்கு எல்லை கால்வாய், 2004-ல் சாலை.

திரும்பும் வழியில் பெரியவர் வீட்டுக்குப் போனோம். கதவுக்குப் பின்னால் இருக்கிற கோட்டைக் காட்டினார். என் தோள் உயரம். மகள் அதன் பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டாள்.

அந்த வீட்டை விட்டுவிட்டோம். ஆனால் அத்தைக்கு இந்தப் பக்கம்தான் வேண்டுமாம். பெருங்களத்தூரில் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், மேட்டுத் தெருவில் முதல் மாடி வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. பதினோரு மாதம் இருந்து பார்ப்போம், ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் பார்த்த பிறகுதான் வாங்குவது என்று முடிவு. மகள் பத்தாம் வகுப்பு முடிகிற வரை இங்கே மாம்பலத்திலேயே, அதன் பிறகுதான் குடிமாறுகிறோம். அத்தை போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தார். மாடிப்படி பதினாறு, ஏறி இறங்க முடியும் என்கிறார். கீழே கேட்டருகே நாற்காலி போட வீட்டுக்காரரிடம் அனுமதியும் கேட்டுவிட்டார்.

அந்தத் தெரு தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கீரைக்காரம்மா யாராவது வருவார்களா? அத்தை கேட்கச் சொன்னார்.

ரயிலில் போகிறவன்:
வருவார். ஆறேமுக்காலுக்குத் தெருமுனைக்கு வந்துவிடுவார். முருங்கைக்கீரை வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும்.